வீட்டைக் கட்டியவர் வீட்டு மனிதர் ஆகிவிட்டால்: வாசகர் கேள்வி பதில்

மொரீஷியஸில் வீடு கட்டித் தருவது என் தொழில். ரோஸ் ஹில், போ பாசான், கத்ர் போர்ன் பக்கம்தான் பெரும்பாலான வேலை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஒரே கான்ட்ராக்டரிடம் பல வருடம் வேலை கொடுத்து, அவர் சொந்தக்காரர் போல ஆகிவிட்ட பிறகு பணத்தைப் பற்றி எப்படிப் பேசுவது, குறையை எப்படிச் சொல்வது, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் டைல்ஸ், பெயின்ட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கீழ்வீட்டை 1989இல் என் மாமனார் ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்துக் கட்டினார். 2006இல் முதல் மாடியையும் அவரே கட்டினார். நடுவில் குளியலறை, மதில், கேட் எல்லாமே அவர் கைதான். எங்கள் வீட்டில் எந்த விசேஷமும் அவர் இல்லாமல் நடந்ததில்லை. இப்போது மகளுக்காக இரண்டாம் மாடி எழுப்பப் போகிறோம். புதிதாக வந்த ஒரு கம்பெனியின் கொட்டேஷனைவிட அவருடையது ஏறக்குறைய நாலு லட்சம் ரூபாய் அதிகம். கம்பெனிக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். அண்ணன் மாதிரி இருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது? (வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: அம்மா, சொல்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள். அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 15 சதவீத வாட் இரண்டிலும் சேர்ந்திருக்கிறதா? மொட்டைமாடிக்கு நீர் இறங்காமல் பிட்டுமன் ஷீட் ஒட்டும் வேலை இருக்கிறதா? இப்போதிருக்கும் கைப்பிடிச் சுவரை உடைத்து அந்த இடிபாட்டை லாரியில் ஏற்றி அனுப்புவது யார் பொறுப்பு? படிக்கட்டு, சாரம், கீழே இருந்து மேலே போகும் தண்ணீர்க் குழாய், மின்சார லைன், நகராட்சி அனுமதிக்கான வரைபடம், இவையெல்லாம் யார் கணக்கில் வருகின்றன? நாலு லட்சம் வித்தியாசத்தில் பாதி இங்கேயே கரைந்து போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போ பாசானில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். அவருக்கும் இதே நிலை வந்தது. அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டு வனிலா தேநீர் கொடுத்து, அடுத்தவருடைய கொட்டேஷனைச் சமையலறை மேசையில் என்னுடையதற்குப் பக்கத்திலேயே வைத்தார். பரீட்சைத் தாள் திருத்துவது போலச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். அந்தக் காகிதத்தில் நீர்க்காப்பு வேலையே இல்லை. பழைய தூண் கம்பியைச் சுத்தம் செய்து நீட்டும் வேலையும் இல்லை. அந்த இரண்டையும் சேர்த்த பிறகும் என் விலை கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. ஏன் என்று கேட்டார். மழையில் வேலை நின்றாலும் என் ஆட்களுக்குச் சம்பளம் உண்டு, அந்தச் செலவும் இந்தத் தொகைக்குள் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். டைல்ஸ் வேலையை மட்டும் என் கணக்கிலிருந்து எடுத்துத் தன் தங்கை மகனுக்குக் கொடுத்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றேன். இருவருக்கும் வருத்தம் இல்லை. அதற்குப் பிறகும் அந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது.

இரண்டாவது விஷயம் பணத்தைவிடப் பெரியது. உங்கள் கீழ்வீடு 1989இல் கட்டியது. அந்தக் காலத்தில் நம் தீவில் கட்டடத்துக்குக் கரையோரப் பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடலிலிருந்து அள்ளிய பவள மணல்தான். 2001 அக்டோபரில் அதை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் கருங்கல்லை அரைத்த மணல் எல்லா இடத்துக்கும் வந்தது. பவள மணலை நன்றாகக் கழுவாமல் போட்டிருந்தால் அதிலிருக்கும் உப்பு உள்ளே கம்பியைத் தின்னும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காங்கிரீட் வெடிக்கும். கீழ்வீட்டுக் கூரையிலும் தூண்களிலும் சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் கெட்டியான இடத்தில் ஒரு சத்தம் வரும், உள்ளே பிரிந்துபோன இடத்தில் பொள்ளென்று வேறு சத்தம் வரும். அந்த மணல் எங்கிருந்து வந்தது, கழுவினார்களா, அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது என்பதெல்லாம் உங்கள் பழைய கான்ட்ராக்டருக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் பூமிக்குள் புதைந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. யாரிடம் வேலை கொடுத்தாலும் சரி, பழையவரையும் ஒரு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரையும் ஒரே நாளில் வீட்டுக்கு வரவழைத்து, இந்த வீடு இன்னொரு மாடியைத் தாங்குமா என்று கேளுங்கள். தாங்காது என்று பழையவர் சொன்னால் அந்த வார்த்தையை மதியுங்கள். கையில் வரும் வேலையை வேண்டாம் என்று சொல்கிறவர்தான் உங்கள் மனிதர்.

நம் நாட்டில் இந்த உறவு இவ்வளவு நீள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1960இல் ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரி கடைசியில் கரோல் என்று இரண்டு புயல் அடுத்தடுத்து அடித்தன. கரோலின் காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வரை வீசியது. மரத்திலும் தகரத்திலும் கட்டிய வீடுகள் போன போக்கைப் பார்த்த தலைமுறை, இனி காங்கிரீட் கூரைதான் என்று முடிவு செய்தது. கையில் இருக்கும் பணத்துக்குக் கீழ்வீடு, பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே ஒரு தளம் என்று கட்டப் பழகினோம். அதற்காகத்தான் மொட்டைமாடியில் தூண் கம்பிகளை நீட்டி விடுகிறோம். மகன் கல்யாணத்துக்கோ மகள் கல்யாணத்துக்கோ அதே கான்ட்ராக்டர் திரும்பி வருகிறார். வரும்போது அவர் தலையும் நரைத்திருக்கும், வீட்டுக்காரர் தலையும் நரைத்திருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கம்பெனிதான் சரி என்று தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். உங்கள் பணம், உங்கள் மகள். நட்புக்காக நாலு லட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று எந்த நல்ல கான்ட்ராக்டரும் எதிர்பார்க்க மாட்டார். ஆனால் ஹார்ட்வேர் கடையில் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. போனில் சொல்லாதீர்கள். வீட்டுக்குக் கூப்பிட்டு, நீங்களும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து, காரணத்தை அப்படியே சொல்லுங்கள். பழைய வரைபடமும் போட்டோவும் இருந்தால் தரச்சொல்லிக் கேளுங்கள். கத்ர் போர்னில் ஒரு குடும்பம் தங்கள் இரண்டாம் மாடி வேலையை வேறொருவருக்குக் கொடுத்தது. அஸ்திவாரக் குழியின் ஆழம், கம்பியின் கனம், கழிவுக் குழாய் போகும் வழி, எல்லாம் எழுதி வைத்த என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போய் அந்தப் புதிய ஆளிடம் நானே விளக்கினேன். அந்த வீட்டில் நாளைக்குப் படுத்துத் தூங்கப் போவது நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள். வேலை யாருடையதாக இருந்தால் என்ன? தைப்பூசத்துக்கு இன்றும் அவர்கள் வீட்டிலிருந்துதான் எல்லோரும் சேர்ந்து மலைக்கோயிலுக்குக் காவடியோடு புறப்படுகிறோம்.

இன்னொன்று, மறந்துவிடாதீர்கள். மகளுக்காக மேலே கட்டுகிறீர்கள். கீழ்வீடு யார் பேரில் இருக்கிறதோ அவரிடமிருந்து மேலே கட்டும் உரிமையை மகள் பேருக்குப் பத்திரம் எழுதும் நோத்தேரிடம் போய் எழுதிக்கொள்ளுங்கள். செங்கல்லுக்கு முன்னால் பத்திரம். பிற்பாடு அண்ணன் தங்கைக்குள் வழக்கு வந்தால் கான்ட்ராக்டரையும் சாட்சிக்கு இழுப்பார்கள். பல வருட உறவு அங்கேதான் உடைகிறது.

கேள்வி: எனக்கு 28 வயது. அப்பா கட்டட வேலை செய்தவர். முதுகு வலியால் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய ஆட்களை வைத்து நான் வேலை எடுக்கிறேன். பிரச்சினை அவருடைய பழைய வாடிக்கையாளர்கள்தான். ‘உன் அப்பா எங்களிடம் காகிதம் நீட்டியதே இல்லை’ என்கிறார்கள். சின்னச் சின்ன வேலையைச் சும்மா செய்து தரச் சொல்கிறார்கள். பெரிய வேலையிலும் பாதிப் பணம் நிற்கிறது. கேட்டால் அப்பாவிடம் போன் செய்து வருத்தப்படுகிறார்கள். என்ன செய்வது? (இளம் கான்ட்ராக்டர், ஃப்ளாக்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அப்பா காகிதம் நீட்டவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்பா தலையில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கும். யார் வீட்டில் எவ்வளவு நிற்கிறது, யார் கரும்பு வெட்டு முடிந்ததும் கொடுப்பார், யாருக்கு மகள் கல்யாணம், யாரிடம் இந்த மாதம் கேட்கலாம் என்று அவருக்கு எல்லாம் தெரியும். அந்த வாடிக்கையாளர்களோடு அவர் சேர்ந்து வளர்ந்தவர். உங்களுக்கு அந்தக் காலம் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் உங்களுக்குக் காகிதம் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நம் தொழில் இந்தத் தீவில் ஆரம்பித்ததே கூலி பேசித்தான். லா பூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக இருந்த 1735 முதல் 1746 வரையிலான காலத்தில் போர்ட் லூயிஸ் பட்டணத்தை எழுப்பப் பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு நம்மவர்கள் கப்பலேறி வருவதற்குச் சுமார் நூறு வருடம் முன்னால் நடந்தது இது. கையில் தொழில் வைத்திருந்தவர்கள் அவர்கள். கைவேலைக்கு விலை சொன்னவர்கள். நீங்கள் விலை சொன்னால் அப்பாவின் பெயர் கெட்டுவிடாது.

அடுத்த தடவை ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் அளவெடுங்கள். காகிதத்தை அப்பா முன்னாலேயே கொடுங்கள். என்ன வேலை, என்ன பொருள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். முன்பணம், அஸ்திவாரம், சுவர், தளம், பூச்சு, சாவி கொடுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்தந்தக் கட்டத்தின் பணம் வந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கடைசியில் ஒரு சிறு பங்கை அவர்களே ஆறு மாதம் வைத்துக்கொள்ளட்டும் என்று நீங்களாகச் சொல்லுங்கள். குறை வந்தால் நான் திரும்பி வருவேன் என்று நூறு தடவை சொல்வதைவிட இந்த ஒரு வரி அவர்கள் மனதில் நிற்கும். சிமென்டும் கட்டடத்துக்கான பல பொருளும் நமக்குக் கப்பலில்தான் வருகின்றன. விலை ஏறினால் யார் தாங்குவது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். கோவிட்டுக்குப் பிறகு கப்பல் கூலியும் டாலரும் சேர்ந்து ஏறிய சமயத்தில் இந்த ஒரு வரி இல்லாமல் எத்தனையோ நல்ல சிநேகம் கசந்து போனது.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டடத்தின் உறுதியையே கெடுக்கிற குறைக்குக் கட்டியவர் 10 ஆண்டு பொறுப்பு என்று நம் நாட்டு சிவில் சட்டம் சொல்கிறது. சிநேகிதருக்குக் கட்டினாலும் அதே பத்து வருடம்தான். நீங்கள் எந்தச் சுவரைத் தொட்டீர்கள், எதைத் தொடவில்லை என்பதற்கு உங்களிடம் எழுத்து இருக்க வேண்டாமா?

சரி, சும்மா செய்யும் வேலை. எல்லாவற்றுக்கும் பில் போடச் சொல்லவில்லை. எது சும்மா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், அவர்கள் கேட்டு வாங்கக் கூடாது. நான் புயல் போன மறுநாள் பழைய வீடுகளுக்குப் போன் செய்வேன். 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயிஸில் தண்ணீரை ஆறாக ஓடவிட்ட போதும் அப்படித்தான். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் நேரில் போய்விடுவேன். நேரே மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர் இறங்கும் துவாரத்தில் முழங்கை வரை கையை விட்டால் மாவிலையும் பிளாஸ்டிக் பையும் கொத்தாக வரும். அதை எடுத்ததும் மாடியில் தேங்கிய தண்ணீர் குழாயில் தடதடவென்று இறங்கும். கீழே இருக்கும் அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே முகம் தெளிந்துவிடும். அப்புறம் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சுற்றிப் பார்ப்பேன், ஷீட் எங்காவது தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று. கால் மணி நேர வேலை, காசு வாங்க மாட்டேன். ஆனால் ஷீட்டை மாற்ற வேண்டும் என்றால் அதற்குக் காகிதம் உண்டு. என் வாடிக்கையாளர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். உங்களுடையவர்களும் ஒன்றிரண்டு வருடத்தில் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொள்ளாத ஓரிருவர் போய்விட்டால் போகட்டும். அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போன் வந்தால், ‘இப்போது தம்பிதான் கணக்கு’ என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டைக் கட்டியவர் போன வருடம் காலமாகிவிட்டார். அவர் இருந்தவரை எதற்கும் கவலைப்பட்டதில்லை. மொட்டைமாடியில் அவர் விட்டுப்போன தூண் கம்பிகள் பதினைந்து வருடமாக அப்படியே நிற்கின்றன. வீடு கடலுக்குப் பக்கம். இனி யாரிடம் போவது? (வாசகர், மாஹேபூர்)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. அவரோடு கூட இருந்த மேஸ்திரியைத் தேடுங்கள். கான்ட்ராக்டர் கணக்குப் பார்த்திருப்பார், கம்பி கட்டியதும் காங்கிரீட் போட்டதும் மேஸ்திரியின் கைதான். காலமானவரின் குடும்பத்தார் சம்மதித்தால் பழைய நோட்டும் வரைபடமும் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அவர் வேலையை மதித்து ஒருவர் தேடி வருகிறார் என்பது அந்தக் குடும்பத்துக்கும் ஆறுதல்.

கம்பியைப் பற்றி: கடல் காற்றில் பதினைந்து வருடம் நின்றது என்றால் மேல் துரு மட்டும்தானா, உள்ளே மெலிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டுக் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். தளத்தை ஒட்டிய அடிப்பகுதியைக் கவனமாக அளக்க வேண்டும், தண்ணீர் நிற்கும் இடம் அதுதான். மெலிந்திருந்தால் அதோடு புதுக் கம்பியை இணைத்துக் கட்டக் கூடாது. எஞ்சினியர் சொல்கிறபடி துளை போட்டு, எபாக்சி பசை ஊற்றிப் புதுக் கம்பி நடுவார்கள். கம்பி நன்றாக இருந்து, மேலே கட்ட இன்னும் சில வருடம் ஆகும் என்றால், துருவை எடுத்து சிமென்ட் பால் பூசி, சுற்றிலும் சிமென்ட் குறைவாகக் கலந்த காங்கிரீட்டால் மூடிவிடுங்கள். வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் வீட்டில் தளம் போடுகிறோம். அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து வாளி கைமாற்றுவார்கள், மத்தியானம் விருந்து இருக்கும். இப்போது ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் வந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. விருந்து இன்னும் அவசியமா? (வாசகி, வக்வா)

பதில்: அவசியம் வையுங்கள் அம்மா. தளம் போடும் நாளில்தான் வீட்டுக்காரரும் வேலைக்காரரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். என் நெருங்கிய வாடிக்கையாளர்களில் பலரோடு பழக்கம் தொடங்கியதே அந்தச் சாப்பாட்டில்தான். அதுவரை அவர் மசியே, அதாவது ஐயா; நான் கான்ட்ராக்டர். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது அண்ணன் தம்பி ஆகியிருப்போம்.

லாரி வந்து போனாலும் வேலை முடிவதில்லை. உங்கள் பக்கம் மழை அதிகம் என்பதால் தார்ப்பாயைத் தயாராக வைத்திருங்கள். வெயில் அடித்தால் ஏழு நாளாவது தளத்தை ஈரமாக வைக்க வேண்டும், அதை வீட்டுக்காரர்களே செய்யலாம், கான்ட்ராக்டருக்குப் பெரிய உதவி. அடியில் நிறுத்திய முட்டுகளை எப்போது எடுப்பது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். சாமான் வைக்க இடம் வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள்.

சமையலுக்கு: புரட்டாசி விரத மாதமாக இருந்தால் ஏழு கறியோடு இலை போடுங்கள், எல்லா ஆட்களும் விரும்பிச் சாப்பிடுவார்கள். மற்ற மாதம் பிரியாணி என்றால் கோழி ஹலால்தானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். இப்போது நம் சைட்டுகளில் பங்களாதேஷிலிருந்து வந்த தம்பிகள் நிறையப் பேர். ஊரை விட்டு வந்து நம் வீட்டுக் கூரையைப் போடுகிறார்கள், அவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். பம்ப் ஓட்டும் டிரைவர் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார், அவருக்கு ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.